வேருக்கு முன்பே வந்த பூஞ்சை

கல்லூரி ஆய்வகத்தில் சோள வேருக்குச் சாயமேற்றிப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மண் போக அலசிய மெல்லிய வேர்களைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டுச் சூடாக்க வேண்டும். வேரின் நிறமெல்லாம் வெளுத்துப் போய்விடும். அப்புறம் கொஞ்சம் அமிலம், அதன்பின் டிரிப்பான் நீலம். நுண்ணோக்கியில் வைத்தபோது செல்கள் வெளிறிக் கிடந்தன. அவற்றுக்கு இடையே நீல நூல்கள் ஓடின. ஒரு நூல் ஒரு செல்லுக்குள் புகுந்து இரண்டாகப் பிரிந்தது. இரண்டு நான்காகி, நான்கு எட்டாகி, அந்தச் செல் நிறைய ஒரு குட்டி மரம் கிளை பரப்பி நின்றது. அதுவரை வேர் என்றால் வேர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

சில மாதங்கள் கழித்து ஒரு புத்தகத்தில் அதே குட்டி மரத்தின் படத்தைப் பார்த்தேன். நீலத்துக்குப் பதில் பழுப்பு நிறம், அவ்வளவுதான் வித்தியாசம். அது ஒரு கல்லுக்குள் இருந்தது. கல்லின் வயது சுமார் 40.7 கோடி ஆண்டுகள். டைனோசர்கள் தோன்றுவதற்கு ஏறக்குறைய 17 கோடி ஆண்டுகள் முந்தியது. என்னை அசைத்துவிட்டது வயது அல்ல, வேறொரு தகவல். அந்தக் குட்டி மரம் குடியிருந்த செடிக்கு வேரே கிடையாது.

இந்தக் கட்டுரை அந்தக் கல்லைப் பற்றியது. செடிகளும் பூஞ்சைகளும் எப்போது, எப்படிப் பழகத் தொடங்கின என்பதைக் கல்லிலிருந்து எப்படிப் படிக்கிறார்கள் என்பதைச் சொல்லப் பார்க்கிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

முதலில், பூஞ்சை என்றால்

மழைக்கு மறுநாள் முளைக்கும் காளானைத்தான் நாம் பூஞ்சை என்று பார்க்கிறோம். மரத்துக்குப் பழம் எப்படியோ, பூஞ்சைக்குக் காளான் அப்படி. உடம்பு வேறு இடத்தில் இருக்கிறது. பழைய ரொட்டியில் படரும் வெள்ளை நூல்தான் அந்த உடம்பு. அந்த நூலை இழை என்பார்கள். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. பெருகுவதற்கு வித்துகளை உண்டாக்கும்.

பூஞ்சை செடி அல்ல. வெயிலிலிருந்து உணவு சமைக்க அதற்குத் தெரியாது. அதனால் வேறு உயிர்களிடமிருந்துதான் அது சாப்பிட வேண்டும். செடிகளைப் பொறுத்தவரை இதற்கு மூன்று வழிகள். செத்த செடியை மட்கவைத்து உண்ணலாம். உயிருள்ள செடிக்குள் புகுந்து திருடலாம். நெல்லில் குலைநோய் வருவது அப்படித்தான். அல்லது கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளலாம்: செடி சர்க்கரையும் கொழுப்பும் தரும், பூஞ்சை மண்ணிலிருந்து சத்து கொண்டுவந்து கொடுக்கும்.

இந்த மூன்றாவது வழியைத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு நன்றாகத் தெரியும். உயிர் உரக் கடையில் ‘வேம்’ என்ற பெயரில் விற்கிறார்களே, வேர் உட்பூசணம், அதுதான். நாற்றங்காலில் விதைக்கு அடியில் படும்படி இடச் சொல்வார்கள். முக்கியமாக மணிச்சத்துக்காக, அதாவது பாஸ்பரசுக்காக. மணிச்சத்து மண்ணில் இருந்தாலும் இடம் நகராது. துகள்களோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். வேர் தன்னைச் சுற்றியுள்ள கொஞ்ச மண்ணிலிருந்து எடுத்துவிட்டால், அப்புறம் பக்கத்தில் இருப்பது தானாக வந்து சேராது. பூஞ்சை இழையோ வேர் நுழைய முடியாத இடுக்கிலும் நுழைந்து, பல சென்டிமீட்டர் தள்ளிப் போய் எடுத்துவரும். அந்தச் சரக்கு கைமாறும் இடம்தான் நான் பார்த்த குட்டி மரம். அதன் பெயர் ஆர்பஸ்க்யூல். லத்தீனில் அதற்கு ‘சிறு மரம்’ என்றே பொருள். இத்தனை கிளைகள் எதற்கு என்றால், தொடும் பரப்பு கூடக்கூடப் பரிமாற்றமும் கூடும். நம் நுரையீரலும் அதனால்தான் கிளை கிளையாகப் பிரிகிறது.

இன்று நிலத்தில் வாழும் தாவர இனங்களில் பெரும்பாலானவற்றில் இந்த வகைப் பூஞ்சை உண்டு. கடுகு, முட்டைக்கோசு குடும்பம் போன்ற சில மட்டும் இந்த உறவைக் கைவிட்டுவிட்டன. ஆகவே இது ஒரு சில செடிகளின் தனிப் பழக்கம் அல்ல, நிலத்துச் செடிகளின் பொது வழக்கம். அப்படியானால் எவ்வளவு பழைய வழக்கம்?

வெந்நீர் செய்த வேலை

பூஞ்சைக்கு எலும்பு இல்லை, ஓடு இல்லை. சாதாரணமாக அது மட்கிப் போய்விடும். வித்துகள் கொஞ்சம் கெட்டியானவை என்பதால் பாறைகளில் தப்பிக் கிடைக்கும். ஆனால் தனியாகக் கிடக்கும் வித்தை வைத்துக்கொண்டு அது யாரோடு, எப்படி வாழ்ந்தது என்று சொல்ல முடியாது. உறவைப் பார்க்க வேண்டுமானால் செடியும் அதற்குள் இருந்த பூஞ்சையும் இருந்த நிலையிலேயே, செல் கலையாமல், கல்லாக வேண்டும். அப்படி நடப்பது மிக அரிது.

ஸ்காட்லாந்தில் அபர்டீன் நகருக்கு வடமேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் ரைனி என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே அது நடந்தது. நான் படத்தில் பார்த்த கல்லின் காலத்தில், அதாவது டெவோனியன் காலத்தின் தொடக்கத்தில், அந்த இடம் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த சமவெளி. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் இன்று பார்ப்பது போன்றது. பூமிக்குள்ளிருந்து வந்த சுடுநீரில் சிலிக்கா கரைந்திருந்தது. சிலிக்கா என்றால் மணலும் கண்ணாடியும் ஆன அதே பொருள். ஊற்று பொங்கி வழிந்து ஓரத்துச் சிறு செடிகளையும் குட்டைகளையும் மூழ்கடித்தபோது, நீர் ஆற ஆற சிலிக்கா கூழாகப் படிந்தது. செல்களுக்குள்ளேயும் ஊறிப் புகுந்தது. மட்குவதற்கு நேரம் கொடுக்காமல் எல்லாவற்றையும் கெட்டியாக்கிவிட்டது. செடி, அதன் உள்ளே இருந்த இழை, பக்கத்தில் ஓடிய சிறு பூச்சி, குட்டையில் இருந்த பாசி எல்லாம் ஒரே கல்லில். அந்தக் கல்லைச் செர்ட் என்கிறார்கள். சிக்கிமுக்கிக் கல் இதே இனம்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் வில்லியம் மக்கி. தொழிலால் மருத்துவர்; பாறைகளைப் பார்ப்பது அவருக்கு விருப்பம். 1912 வாக்கில் ரைனி பகுதியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, வயல்களுக்கு நடுவே கட்டப்பட்டிருந்த கல் சுவரில் வித்தியாசமான கல் இருப்பதைக் கவனித்தார். உழுதபோது கிடைத்த கற்களை அடுக்கி உழவர்கள் கட்டிய சுவர் அது. கல்லை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்தபோது செடியின் தண்டு தெரிந்தது. இன்றுவரை அந்தப் பாறை மேலே எங்கும் தலை நீட்டவில்லை. வயலுக்கு அடியில்தான் கிடக்கிறது. பள்ளம் வெட்டியும் துளையிட்டும்தான் எடுக்கிறார்கள்.

ராபர்ட் கிட்ஸ்டன், வில்லியம் ஹென்றி லாங் என்ற இருவர் 1917 முதல் 1921 வரை ஐந்து நீண்ட கட்டுரைகளில் அந்தச் செடிகளை விவரித்தார்கள். ஐந்தாவதில் பூஞ்சைகளும் வந்தன. தண்டுகளுக்குள் இழைகளும் வித்துகளும் ஏராளமாக இருப்பதை அவர்கள் அப்போதே பார்த்துவிட்டார்கள். ஆனால் இழை இருக்கிறது என்பதை மட்டும் வைத்து அது கூட்டாளி என்று சொல்லிவிட முடியாது. செத்த தண்டை மட்கவைக்க வந்ததாகவும் இருக்கலாம். அதற்கு வேண்டிய சான்று கிடைக்க மேலும் 70 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஒரு தண்டுக்குள் போய்ப் பார்ப்போம்

அக்லாவோஃபைட்டன் என்பது அந்தச் செடியின் பெயர். ஏறக்குறைய ஒரு சாண் உயரம். இலை இல்லை. பச்சைக் குச்சி ஒன்று இரண்டிரண்டாகக் கிளைத்து, நுனியில் வித்துப்பை வைத்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இன்னொரு குச்சி தரையோடு படுத்து ஊர்ந்து போகும். அதன் அடிப்பக்கம் மயிர் போன்ற சில செல்கள் மண்ணைப் பிடித்திருக்கும். அவற்றை வேரிகள் என்பார்கள். பெயரில்தான் வேர் இருக்கிறது. ஒற்றைச் செல் மயிரால் ஆழமாகப் போய் எதையும் தேட முடியாது.

கல்லை வைர ரம்பத்தால் அறுத்து, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும் அளவுக்குத் தேய்ப்பார்கள். தண்டு குறுக்காக வெட்டுப்பட்டிருந்தால் ஒரு வட்டம் தெரியும். வெங்காயத்தை வட்டமாக நறுக்கினது போல வளையம் வளையமாக இருக்கும். வெளியே தோல். அதற்குள் புறணி எனப்படும் அகலமான சதைப் பகுதி. நட்ட நடுவில் நீர் கடத்தும் சிறு புள்ளி. புறணியின் வெளிப்பகுதிக்கும் உட்பகுதிக்கும் நடுவில் கருமையான ஒரு வளையம் தனித்துத் தெரியும். கருமைக்குக் காரணம் பூஞ்சை. சுவாசத்துளை வழியாக உள்ளே வந்த இழைகள் செல்களின் இடைவெளிகளில் பரவி, இந்த வளையத்துக்கு வந்ததும் செல்லுக்குள் புகுந்திருக்கின்றன. உருப்பெருக்கத்தைக் கூட்டினால் ஒவ்வொரு செல்லிலும் ஒரு குட்டி மரம்.

1994-ல் வின்ஃப்ரீட் ரெமி, தாமஸ் டெய்லர், ஹாகன் ஹாஸ், ஹான்ஸ் கெர்ப் ஆகிய நால்வரும் இதை வெளியிட்டார்கள். சான்று இதில்தான் இருந்தது. ஆர்பஸ்க்யூல் செத்த செல்லில் உருவாகாது. செடியும் பூஞ்சையும் இரண்டும் உயிரோடு இருந்து, செடி தன் செல் சவ்வை வளைத்து இடம் கொடுத்தால்தான் உருவாகும். இன்றைய செடிகளில் ஓர் ஆர்பஸ்க்யூலின் ஆயுள் சில நாட்கள்தான். அப்புறம் சுருங்கி மறைந்துவிடும். சில நாட்களே இருக்கும் ஒன்றை 40 கோடி ஆண்டுகள் கழித்து நம்மால் பார்க்க முடிகிறது. இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்குப் பழகவில்லை.

வளையம் தண்டின் ஒரே அடுக்கில் ஒழுங்காக இருப்பதையும் கவனிக்க வேண்டும். மட்கவைக்க வந்த பூஞ்சை கண்ட இடத்தில் பரவும். அதற்கு வரம்பு கிடையாது. இங்கே ‘இதுவரை வரலாம், இதற்கு மேல் கூடாது’ என்று யாரோ கோடு போட்ட மாதிரி இருக்கிறது. கோடு போட்டது செடி.

வேர் என்ற உறுப்பு அப்போதுதான் வேறு சில செடிகளில் அரும்பத் தொடங்கியிருந்தது. அக்லாவோஃபைட்டனுக்கு வேர் இல்லை, கூட்டாளி இருந்தது. வேர் செய்யவேண்டிய வேலையை, அதாவது மண்ணில் தேடிப் போய்ச் சத்து எடுத்துவருவதை, பூஞ்சை செய்துகொண்டிருந்தது. ‘வேர் உட்பூசணம்’ என்று நாம் இன்று பெயர் வைத்திருந்தாலும், இந்த உறவு வேரைவிட மூத்தது.

நண்பனா, திருடனா

ரைனி கல்லில் கூட்டாளிகள் மட்டும் இல்லை. ஒரு கல்லைப் பார்த்து இந்தப் பூஞ்சை நோய் கொடுத்தது, இந்தப் பூஞ்சை செத்ததைத் தின்றது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? செடி என்ன செய்தது என்று பார்க்கிறார்கள். உயிருள்ள செடி எதிர்வினை காட்டும். செத்த செடியால் எதுவும் செய்ய முடியாது.

குட்டையில் வளர்ந்த பேலியோநைட்டெல்லா என்ற பாசியை எடுத்துக்கொள்வோம். இன்று நன்னீர்க் குளங்களில் இருக்கும் கேராவுக்கு உறவு. இதன் இழையில் செல்கள் வரிசையாக ஒரே அளவில் போய்க்கொண்டே இருக்கும். திடீரென்று ஒரு செல் மட்டும் பலூன் மாதிரி உப்பி, பக்கத்துச் செல்களைவிடப் பல மடங்கு பெரிதாக நிற்கும். உற்றுப் பார்த்தால் அதன்மேல் கைட்ரிட் என்ற நுண்ணிய நீர்ப்பூஞ்சை ஒட்டியிருக்கும். இன்றைய கேராவையும் இப்படிப்பட்ட பூஞ்சை தாக்கும்போது செல்கள் இதேபோல் வீங்குகின்றன. அதனால் அந்த வீக்கம் நோயின் அடையாளம் என்று தயங்காமல் சொல்லலாம்.

நோத்தியா என்ற செடியில் இன்னும் நுணுக்கமாகப் பார்க்க முடிகிறது. அதற்குள் மூன்று வகைப் பூஞ்சைகள் இருந்தன. உள்ளே வந்த வழி வேரிகள்தான். தொற்றிய வேரிகள் சில வீங்கியிருக்கின்றன. சில இடங்களில், செல்லுக்குள் புகுந்த இழையைச் சுற்றிச் செடி உறை கட்டியிருக்கிறது. வேறு இடங்களில், தொற்றிய பகுதிக்கும் தொற்றாத பகுதிக்கும் நடுவே செல் சுவர்களைத் தடிப்பாக்கி மதில் எழுப்பியிருக்கிறது. வந்தவர்கள் எல்லோரையும் நோத்தியா ஒரே மாதிரி நடத்தவில்லை என்பது தெரிகிறது. ஒரு செடிக்குள் நடந்த இத்தனை இழுபறியும் அப்படியே உறைந்து நிற்கிறது.

ஆஸ்டெராக்சிலான் அந்தக் கூட்டத்தில் கொஞ்சம் பெரிய, சிக்கலான செடி. அதன் தண்டில் நோய் உண்டாக்கிய ஒரு பூஞ்சையை 2023-ல் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் விவரித்தார்கள். தாக்கப்பட்ட இடத்தில் செடி குவிமாடம் போலப் புடைத்திருக்கிறது. ஆக, பூஞ்சை வந்தபோது செடிக்கு உயிர் இருந்திருக்கிறது. அந்தப் பூஞ்சைக்கு அவர்கள் வைத்த பெயர் பாட்டரோமைசிஸ் ஆஸ்டெராக்சிலிக்கோலா. குழந்தைகள் கதைகளுக்குப் புகழ்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டரின் நினைவாக வைத்தது. அவர் பூஞ்சைகளை நுணுக்கமாக ஆராய்ந்து வரைந்தவர். 1897-ல் வித்து முளைப்பதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை லண்டனில் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை ஆய்வாளர் சங்கத்தில் அளிக்கப்பட்டது. பெண் என்பதால் அந்தக் கூட்டத்தில் அவருக்கே இடமில்லை. 126 ஆண்டுகள் கழித்து ஒரு பூஞ்சைக்கு அவர் பெயர் வந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

மட்கவைக்கும் பூஞ்சைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குலைந்துபோன தண்டுகளில் தாறுமாறாக இழைகள், எதிர்வினை எதுவும் இல்லை. அவையும் ரைனியில் நிறைய.

அங்கே இன்னொரு உறவும் கிடைத்தது. செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பாசி என்று பெயர் இருந்தாலும் அது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே உடம்பாக வாழ்வது. வீடு கட்டுவது பூஞ்சை, சமைப்பது பாசி. ரைனி கல்லில் வின்ஃப்ரினேஷியா என்ற ஒன்றை 1997-ல் விவரித்தார்கள். பூஞ்சை இழைகளால் பின்னிய பாய் போன்ற ஒன்று. அதன் மேற்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியிலும் நீலப்பச்சை நுண்ணுயிர்கள். இதை லைக்கனின் மூதாதை என்று சொல்வதைவிட, அதே யோசனை அப்போதே வேறு ஆட்களுக்கும் வந்திருந்தது என்று சொல்வதே சரி என்று எனக்குப் படுகிறது. பூஞ்சைகள் இந்தக் கூட்டணியைப் பல தடவை, தனித்தனியாக அமைத்திருக்கின்றன.

இன்னும் பின்னால் போனால்

ரைனியில் நாம் பார்ப்பது ஏற்கெனவே நன்றாக அமைந்துவிட்ட உறவு. தொடக்கம் அதற்கும் முன்னால் இருக்க வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் சுமார் 46 கோடி ஆண்டுப் பழைய பாறையிலிருந்து இழைகளும் வித்துகளும் கிடைத்தன. 2000-ல் அதை வெளியிட்டார்கள். பார்க்க இன்றைய வேர் உட்பூசணத்தின் வித்துகள் மாதிரியே இருக்கின்றன. அந்தக் காலத்தில் நிலத்தில் இருந்தவை மார்கான்ஷியா போல, தரையோடு ஒட்டி வளரும் சின்னஞ்சிறு செடிகள்தான் என்று கருதப்படுகிறது. விஸ்கான்சினில் செடி கிடைக்கவில்லை, பூஞ்சை மட்டும்தான். ஆகவே அங்கே உறவு இருந்தது என்று நேரடியாகச் சொல்ல முடியாது. கூட்டாளியின் இனம் அப்போதே இருந்தது என்பதுதான் உறுதி.

இந்தச் சான்றுகளெல்லாம் வருவதற்கு முன்பே, 1975-ல் கனடாவில் பிரோசின்ஸ்கி, மாலக் என்ற இரு பூஞ்சையியலாளர்கள் ஒரு துணிச்சலான கருத்தைச் சொன்னார்கள்: பாசியின் வழிவந்த செடிகள் தனியாகக் கரையேறவில்லை, பூஞ்சையோடு சேர்ந்துதான் ஏறின. நீரில் இருக்கும் பாசிக்குச் சத்து சுற்றியுள்ள நீரிலேயே கரைந்து வந்துவிடும். கரைக்கு வந்தால் நிலைமை வேறு. அன்று இப்போது இருப்பது போன்ற மண்ணே கிடையாது, பாறையும் பொடியும்தான். வேரும் கிடையாது. யாராவது தேடிக் கொடுத்தால்தான் பிழைக்க முடியும்.

உயிருள்ள செடிகளும் இதற்குச் சாட்சி சொல்கின்றன. மார்கான்ஷியாவுக்கு இன்றும் வேர் கிடையாது. அதன் ஓர் இனத்தைப் பூஞ்சையோடும் பூஞ்சை இல்லாமலும் வளர்த்துப் பார்த்த இங்கிலாந்து ஆய்வை 2010-ல் வெளியிட்டார்கள். பூஞ்சையோடு வளர்ந்தவை அதிகக் கார்பனை எடுத்து நன்றாக வளர்ந்தன. பூஞ்சையை உள்ளே அனுமதிப்பதற்கான மரபணுக்களும் இதே சாட்சியைச் சொல்கின்றன. மார்கான்ஷியாவின் கூட்டத்திலும் நெல்லிலும் ஒரே குடும்ப மரபணுக்கள் இருக்கின்றன. உளுந்தும் பயறும் வேர்முடிச்சுக்குள் பாக்டீரியாவை வரவேற்பதுகூட, பூஞ்சைக்காக முதலில் போட்ட அதே பழைய பாதையைப் பயன்படுத்தித்தான்.

முதல் கூட்டாளி எந்தப் பூஞ்சை என்பதில் ஒரு திருப்பம் உண்டு. நீண்ட காலம் வேர் உட்பூசணக் குழுதான் என்று நினைத்தார்கள். 2011-ல் மார்கான்ஷியாவின் உறவான ஈரல் தாவரங்களில், மிகப் பழைய கிளையைச் சேர்ந்த சிலவற்றில் மியூக்கரோமைக்கோட்டினா என்ற வேறொரு குழு குடியிருப்பது தெரியவந்தது. அடுத்து 2014-ல் ரைனி கல்லின் ஹார்னியோஃபைட்டன் என்ற செடியைத் திரும்பப் பார்த்தபோது, ஒரே செடியில் இரண்டு குழுக்களும் இருந்தன. நிமிர்ந்த தண்டில் ஒன்று, கிழங்கு போன்ற அடிப்பகுதியில் மற்றொன்று. ஒரு கூட்டாளி மட்டும் இருந்தது என்ற எண்ணத்தை இனி விட்டுவிட வேண்டியதுதான். ஆரம்பத்திலிருந்தே செடிகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களோடு பழகியிருக்கின்றன.

இந்தக் காலத்தைப் பேசும்போது புரோட்டோடாக்சைட்டிஸைச் சொல்லாமல் விட முடியாது. செடிகள் சாண் கணக்கில் இருந்த உலகில், 8 மீட்டர் உயரமும் ஒரு மீட்டர் குறுக்களவும் வரை வளர்ந்த தூண். கனடாவில் கிடைத்த துண்டுகளைப் பார்த்த டாசன் 1859-ல் ஊசியிலை மரம் என்று பெயரிட்டார். பிறகு சிலர் பாசி என்றார்கள். 2001-ல் ஃபிரான்சிஸ் ஹியூபர், மாபெரும் பூஞ்சை என்றார். 2007-ல் கார்பன் ஐசோடோப்புகளை, அதாவது கார்பனின் எடை வேறுபட்ட வகைகளை, அளந்தார்கள். ஒரே காற்றிலிருந்து சமைக்கும் செடிகளின் அளவுகள் நெருங்கி இருக்கும். புரோட்டோடாக்சைட்டிஸ் துண்டுகளின் அளவுகள் ஒன்றுக்கொன்று மிகவும் விலகியிருந்தன, வெவ்வேறு உணவு தின்றவை போல. அது பூஞ்சைக் கட்சிக்கு வலுச் சேர்த்தது. அண்மையில் ரைனி கல்லில் கிடைத்த மாதிரியை ஆராய்ந்தவர்கள், பூஞ்சையின் சுவரில் இருக்க வேண்டிய கைட்டினின் தடயமே இல்லை, இது முழுதாக அழிந்துபோன தனிக் கிளை என்கிறார்கள். எனக்கு இந்த வாதம் பலமாகத் தோன்றுகிறது. பல கட்டுரைகளில் ‘உலகின் முதல் ராட்சசக் காளான்’ என்று இன்னும் எழுதுகிறார்கள். அதைப் பார்த்தால் கொஞ்சம் பொறுத்து நம்புங்கள்.

மரங்கள் வந்த பிறகு

டெவோனியன் முடிவதற்குள் காடுகள் வந்துவிட்டன. மரம் வந்ததும் மரத்தை அரிக்கும் பூஞ்சையும் வந்தது. அந்தக் காலத்து மரக்கட்டைப் புதைபடிவங்களிலேயே அரிப்பு தெரிகிறது. நிலக்கரி உருவானதற்குக் காரணம், மரத்தைக் கெட்டியாக்கும் லிக்னினைச் சிதைக்கத் தெரிந்த பூஞ்சை அப்போது இல்லாததுதான் என்று ஒரு விளக்கம் பிரபலமாக இருக்கிறது. 2012-ல் பூஞ்சை மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு அதற்கு ஊக்கம் தந்தது. 2016-ல் வந்த மறுப்பு எனக்குச் சரியாகப் படுகிறது: நிலக்கரியில் லிக்னின் குறைவான செடிகளும் ஏராளம்; அன்றைய ஈரமான வெப்பமும் தாழ்ந்துகொண்டே போன நிலப்பகுதிகளுமே போதுமான காரணம்.

கூட்டாளிகளும் தொடர்ந்தார்கள். இன்று பனி மூடிய அண்டார்க்டிக்காவில் டைனோசர்கள் தோன்றிய ட்ரையாசிக் காலத்தில், பார்க்கப் பனை போன்றிருக்கும் சைக்கஸின் உறவுச் செடிகள் வளர்ந்தன. கல்லாகிப்போன அவற்றின் வேர்களில் ஆர்பஸ்க்யூல்கள் இருக்கின்றன.

அதற்கப்புறம் மரங்களில் ஒரு பகுதி வேறு வகைக் கூட்டணிக்கு மாறியது. இதில் பூஞ்சை செல்லுக்குள் நுழையாது. வேர் நுனியைச் சுற்றிக் கையுறை மாட்டினது போல உறை கட்டும்; செல்களின் இடைவெளியில் மட்டும் வலை பின்னும். பைன், ஓக் மரங்களில் இது சாதாரணம். இதற்கான மிகப் பழைய சான்றுகளில் ஒன்று நம் நாட்டிலேயே கிடைத்திருக்கிறது.

குஜராத்தில் தட்கேஷ்வர் என்ற இடத்தில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. அதில் அம்பர் கிடைக்கிறது. அம்பர் என்றால் மரப்பிசின் புதைந்து கெட்டியானது. தட்கேஷ்வர் அம்பரின் வேதியமைப்பைப் பார்த்ததில், அதைச் சுரந்தது குங்கிலிய மரங்களின் குடும்பம் என்று தெரிந்தது. சாம்பிராணிக் கடையில் குங்கிலியம் என்று தருவதும் இந்தக் குடும்பத்தின் பிசின்தான். வயது சுமார் 5.2 கோடி ஆண்டுகள். பிசின் வழிந்து தரையில் கிடந்த மெல்லிய வேர்களை மூடியிருக்கிறது. 2011-ல் வெளியான ஆய்வு அந்த வேர் நுனிகளைக் காட்டியது. ஒவ்வொரு நுனியையும் கருத்த உறை ஒன்று போர்த்தியிருந்தது. அதிலிருந்து கருநிற இழைகள் பிசினுக்குள் நீட்டிக்கொண்டிருந்தன. உறை இளசாக இருப்பது முதல் முற்றியது வரை எல்லா நிலைகளும் கிடைத்தன. ரைனியில் வெந்நீர் செய்த வேலையை இங்கே பிசின் செய்திருக்கிறது.

அந்த மரங்களின் உறவினர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் நிற்கிறார்கள். வெள்ளைக் குங்கிலிய மரம் அவற்றில் ஒன்று. அதன் அடியில் ஈரச் சருகை விலக்கி, மேல்மண்ணில் ஓடும் நூல் போன்ற வேரை அறுபடாமல் எடுத்துக் கைக்கண்ணாடியால் பார்த்தால், குட்டையாகத் தடித்த நுனிகள் தெரியும். அந்தத் தடிப்பு வேரின் தோல் அல்ல. அதற்கு மேல் போர்த்திய பூஞ்சை.